ஏழாவது தரிப்பிடம்

பார்மனில் இருக்கும் தமிழ்க் கடையில் சாரங்கா முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாப் பைகள் அடுக்கியிருந்த பக்கத்திலிருந்து டொறத்தி அக்கா வந்து அவளுடைய தோளைத் தொட்டார். டொறத்தி மன்னார்க்காரர். ஜெர்மனிக்கு, இந்த வுப்பர்டால் நகருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு ஆட்களைச் சேர்ப்பதும், ஊரில் யாருக்கு என்ன நடந்தது என்று விசாரித்து வைத்திருப்பதும் அவருக்கு ஒரு வேலை மாதிரி.

“பிள்ளை, உங்கட மனுசன்ர வீடியோ பாத்தனான்,” என்றார். “அது எங்கட பேசாலைப் பிள்ளை எல்லோ. பற்றிமா. தாயையும் எனக்குத் தெரியும். அவள் அழுறதைப் பாக்க ஏலாமக் கிடந்தது.”

சாரங்கா கையிலிருந்த முருங்கைக்காயைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

“எந்த வீடியோ அக்கா?”

“மஸ்கட் வீடியோ. நீங்களும் அதில நிக்கிறீங்கள். லட்சம் பேருக்கு மேல பாத்திட்டினம் எண்டு மகன் சொன்னவன். மதீசன் நல்ல காரியம் செய்திருக்கிறார்.”

சாரங்கா ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து காருக்குள் ஏறினாள். மழை பெய்துகொண்டிருந்தது. காரை எடுக்காமல் கைபேசியில் கணவனின் சானலைத் தேடினாள்.

மதீசன் வார நாட்களில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவன். மிச்ச நேரமெல்லாம் அந்தச் சானல்தான். வழிகாட்டி யாரையும் பிடிக்காமல், கைபேசி வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு பழைய நகரத்தைத் தானே நடந்து பார்ப்பது எப்படி என்று காட்டுவான். போர்த்தோ, நேப்பிள்ஸ், துனிஸ் என்று போய்வந்திருக்கிறான். ஒவ்வொரு வீடியோவின் கீழும் தான் நடந்த பாதையை இலக்கமிட்டு, தரிப்பிடம் தரிப்பிடமாக வரைபடத்தில் குத்திக் கொடுப்பான். சனங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே பாதையில் நடந்துவிட்டுப் படம் அனுப்புவார்கள். சாரங்கா ஆரம்பத்தில் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறவன், கமராவைக் கண்டதும் “வணக்கம் மக்களே” என்று சென்னைக் குரலுக்கு மாறுவது அவளுக்குச் சகிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு கலியாணத்துக்காக இருவரும் கொழும்புக்குப் போனார்கள். வழியில் மஸ்கட்டில் விமானம் மாற ஒரு பகல் முழுக்க இருந்தது. அந்தப் பகலை மதீசன் முத்ராவுக்கு ஒதுக்கியிருந்தான். மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கி வைத்தது போன்ற பழைய துறைமுகப் பட்டினம்.

வீடியோ மீன் சந்தையில் தொடங்கியது. பளிங்கு மேசைகளில் சூரையும் அறக்குளாவும். அடுத்தது கடற்கரை வீதி. பழைய வியாபாரிகளின் வெள்ளை வீடுகள், மர மாடங்கள், நீலக் கோபுரம் வைத்த பள்ளிவாசல், அதற்கு மேலே பாறையில் போர்த்துக்கீசர் காலத்துக் கோட்டை. மதீசனின் குரல் உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது. சந்தைக்குள் சாம்பிராணிப் புகை. கஷ்மீர்ச் சால்வை விற்கிற மலையாளிகள். சாரங்கா ஒரு வெள்ளிக் காப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றுகிறாள். தன் முகம் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை இப்போது பார்க்க அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது.

“மக்களே, எல்லா டூரிஸ்டும் இங்கயே திரும்பிடுவாங்க. நம்ம உள்ள போகப் போறோம். ஏழாவது தரிப்பிடம். பச்சைக் கதவு.”

படிகள் ஏறும் ஒடுக்கமான ஒழுங்கை. வெயிலுக்கு ஒதுங்கிய பூனைகள். குமிழ் ஆணிகள் அடித்த பெரிய பச்சைக் கதவு. அது திறந்து, குப்பைப் பையோடு ஒரு பெண் வெளியே வருகிறாள்.

அன்று நடந்தது சாரங்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர்கள் தமிழில் கதைப்பதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் நின்றாள். “நீங்க சிலோனா?” என்று கேட்டாள். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, வேகமாகக் கதைத்தாள். பெயர் பற்றிமா. வீட்டு வேலைக்கு வந்து ஒப்பந்தம் முடிந்தும் விடவில்லை. பாஸ்போர்ட் வீட்டுக்காரியிடம். யூலையில் மஸ்கட்டில் வெக்கை தாங்காமல் அந்தக் குடும்பம் தெற்கே குளிர்ச்சியான சலாலாவுக்குப் போகும். அப்போது அந்த வீட்டுக் கிழவியும் இவளும் மட்டும்தான் வீட்டில். கிழவி மதியத்தில் உறங்குகிற நேரம் தூதரகத்துக்கு ஓடிவிடுவதாக முடிவெடுத்திருந்தாள். “தங்கச்சிக்கு மட்டும் சொல்லிவிடுங்க அக்கா. யூலையில வருவன், ஏஜென்சிக்குப் போய் சத்தம் போட்டுக் காரியத்தைக் கெடுக்க வேண்டாம் எண்டு.” வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்காரியின் முன்னால் நின்றுதான் ஊரோடு கதைக்க விடுவார்களாம். அதில் இதைச் சொல்ல முடியாது.

அப்போதுதான் சாரங்கா திரும்பிப் பார்த்தாள். மதீசனின் கையில் கமரா நீட்டியபடி இருந்தது. பற்றிமாவும் கண்டுவிட்டாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, “எடுக்க வேண்டாம் அண்ணை,” என்றாள். “நிப்பாட்டுங்கோ,” என்று சாரங்காவும் சொன்னாள். மதீசன் கமராவை இடுப்பளவுக்கு இறக்கி, “நிப்பாட்டிட்டன்,” என்றான். அதை நம்பித்தான் பற்றிமா மிச்சத்தைச் சொல்லி அழுதாள்.

இப்போது வீடியோவில் அது எல்லாம் இருந்தது. இடுப்புயரத்திலிருந்து, கொஞ்சம் சரிந்து, முழுவதும். “எடுக்க வேண்டாம்” என்றது இல்லை. “நிப்பாட்டுங்கோ” என்றதும் இல்லை. சலாலா இருந்தது. யூலை இருந்தது. உறங்குகிற கிழவி இருந்தாள். முகத்தில் ஒரு மங்கல் வட்டம் போட்டிருந்தான். அவள் கண்ணைத் துடைக்கத் தலையைத் திருப்பிய இடத்தில் வட்டம் பின்தங்கிவிட, முகம் வெட்டவெளியில் நின்றது. பின்னால் சோகமாக ஒரு வயலின் வாசித்தது. கீழே வரைபடம்: ஏழு, பச்சைக் கதவு ஒழுங்கை.

சாரங்கா வீட்டுக்குள் நுழைந்தபோது மதீசன் கணினிக்கு முன்னால் இருந்தான்.

“அதை எடுங்கோ,” என்றாள்.

“எதை?”

“மஸ்கட். இப்ப, நான் பாக்கத்தக்கதா எடுங்கோ.”

அவன் கதிரையைத் திருப்பினான். இதை அவன் எதிர்பார்த்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. “நீர் முதல்ல இரும். சனம் என்ன எழுதியிருக்கு எண்டு வாசியும். எத்தினை பேர் அந்தப் பிள்ளைக்காக அழுதிருக்குதுகள். தூதரகத்துக்கு எழுதப்போறம் எண்டு சொல்லியிருக்குதுகள். நாங்கள் பேசாம வந்திருந்தா யாருக்குத் தெரியும் அவவை?”

“அவ தெரிய வேண்டாம் எண்டு சொன்னவ.”

“பயத்தில சொன்னவ. முகத்தை மறைச்சுத்தானே போட்டனான்.”

“மறைச்ச லட்சணத்தைப் பாத்தனான். நிப்பாட்டிட்டன் எண்டு சொன்னீங்கள். எனக்கும் சொன்னீங்கள். அவளுக்கும் சொன்னீங்கள்.”

“அந்த நேரம் பட்டனை அமத்தினனான், அது சரியா அமரேல்லை. பேந்து வந்து பாத்தா எல்லாம் பதிஞ்சு கிடக்கு. பதிஞ்சதை என்ன செய்ய?”

அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. போன வருடம் அவன் போட்ட வுப்பர்டால் வீடியோவைப் பற்றிச் சொன்னாள். தொங்குரயிலுக்குள் எடுத்தது. பெட்டியில் இருந்த ஒவ்வொரு முகத்தையும், வெளியே நின்ற கார்களின் இலக்கத் தகட்டையும் அவன் இரண்டு கிழமை குந்தியிருந்து மறைத்தான். ஒரு கிழவர் “என் படத்தை எடுத்தாயா, வழக்குப் போடுவேன்” என்று மிரட்டியிருந்தார், அதற்காக.

“அந்தாளின்ர நாயின்ர முகத்தையும் மறைச்சனீங்கள்,” என்றாள் சாரங்கா. “நானும் சிரிச்சனான். இஞ்ச ஒரு நாய்க்குக் குடுத்த மரியாதையை அவளுக்குக் குடுக்கேல்லை. ஏன்? அவள் வழக்குப் போடமாட்டாள் எண்டுதானே?”

மதீசன் எழும்பினான். “வாய்க்கு வந்ததைக் கதையாதையும். நாளைக்கு முகத்தை வடிவா மறைச்சுத் திருப்பிப் போடுறன். அழிக்க ஏலாது. இந்த ஒரு வீடியோதான் சானலைத் தூக்கி விட்டிருக்கு.”

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகு அவனுக்கே அது சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். யன்னலைப் பார்த்தான்.

அன்றிரவு அவள் அவனோடு சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிறு. காலையில் அவனே கைபேசியை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தான். முகத்தில் சமாதானம் இருந்தது.

“இதைப் பாரும். நீர் சொல்லுற மாதிரி இல்லை. சனம் உதவி செய்யுது.”

டுபாயில் வேலை செய்கிற ஒரு இளம் தம்பதி. தமிழ்நாட்டுப் பிள்ளைகள். மதீசனின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு முத்ராவில் நடந்திருந்தார்கள். “ஹாய் ப்ரெண்ட்ஸ், மதீசன் ப்ரோ சொன்ன அதே ரூட்தான் ஃபாலோ பண்றோம்.” மீன் சந்தை, கடற்கரை வீதி, சால்வைக் கடை. பிறகு படிகள். பூனைகள். “இதுதான் அந்த க்ரீன் டோர். பாவம் அந்த அக்கா. நாம நேர்லயே கேட்டுடலாம்.”

அந்தப் பெண்பிள்ளை கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தது ஒரு கிழவி. “ஃபாத்திமா? தமிழ் ஃபாத்திமா?” கிழவிக்கு விளங்கவில்லை. பையன் தன்னுடைய கைபேசியை நீட்டி மதீசனின் வீடியோவைப் போட்டுக் காட்டினான். கிழவி அதைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள். நடுவயதுப் பெண்ணொருத்தி வந்தாள். அவளும் பார்த்தாள். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். “ரொம்ப ஸேடா இருக்கு ப்ரெண்ட்ஸ்,” என்றான் பையன்.

சாரங்கா அவன் பக்கம் திரும்பினாள். 

“உங்களுக்கு விளங்குதோ என்ன நடந்திருக்கெண்டு?”

மதீசனுக்கு விளங்கியிருந்தது. ஆனால் விளங்கியதை ஒப்புக்கொள்ள அவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அந்த நேரத்தைச் சாரங்கா கொடுக்கவில்லை. கணினியைக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் வைத்தாள். அவன் கடவுச்சொல்லை அடித்து, வீடியோவை அழித்து, கணினியை மூடினான்.

“சந்தோசமோ?” என்று கேட்டான்.

அந்த ஒரு சொல்லுக்காக அவனை அறைந்திருக்கலாம் என்று அவள் பின்னாளில் டொறத்தியிடம் சொன்னாள். அறையவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பேசாலைக்குத் தொலைபேசி எடுத்தாள். பற்றிமா அன்று ஒழுங்கையில் கொடுத்த தங்கச்சியின் இலக்கம் அவளிடம் இருந்தது. கொழும்பில் இறங்கிய அன்றே தொலைபேசியில் செய்தியைச் சொல்லியிருந்தாள்.

“போன வெள்ளி அக்கா எடுக்கேல்லை,” என்றாள் தங்கச்சி. “அதுக்கு முன்னம் ஒருக்காலும் விட்டதில்லை. இஞ்ச எல்லாரும் வீடியோவைக் கொண்டுவந்து காட்டுகினம். அம்மா பாத்திட்டு விழுந்து கிடக்கிறா. நீங்க அண்டைக்குச் செய்தி சொல்லத்தானே எடுத்தனீங்க?”

 

சாரங்கா மஸ்கட்டில் இருக்கும் இலங்கைத் தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மின்னஞ்சல் எழுதினாள். திரும்பவும் எடுத்தாள். வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. அனுப்புவதற்கு இருந்தது வரைபடத்தில் மதீசன் குத்திய அந்தப் புள்ளி மட்டும். அதையே அனுப்பினாள். சில நாட்கள் கழித்து ஒரு அலுவலர் கதைத்தார். போய் விசாரித்தார்களாம். வேலைக்காரி ஊருக்குப் போய்விட்டாள் என்று வீட்டில் சொன்னார்களாம். “அவ ஊருக்கு வரேல்லை சேர்,” என்றாள் சாரங்கா. பார்க்கிறோம் என்றார்.

எல்பர்ஃபெல்டில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக அவள் வேலை செய்தாள். காத்திருக்கும் அறையில் நோயாளியின் பெயரை உரக்கக் கூப்பிடுவதற்குக்கூட அனுமதி கேட்கிற இடம் அது. ஒரு நாள் ஒரு தாய், தன் மகனின் பல்லை எடுத்த எக்ஸ்ரே படம் கணினித் திரையில் மற்றவர்களுக்குத் தெரிந்தது என்று சண்டை பிடித்தாள். சாரங்கா மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஆத்திரம் ஏறி, கையுறையைக் கிழித்தெறிந்துவிட்டு வெளியே போய் நின்றாள். அந்த ஆத்திரம் தாயின் மேல் அல்ல. அந்தத் தாய் கேட்டது நியாயம். ஒரு பல்லுக்கு இவ்வளவு கேட்கலாம் என்றால், என்று அவள் யோசித்தாள். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

யூலை வந்தது. ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்கு இருவரும் போனார்கள். போகாவிட்டால் மதீசனின் தாய் காரணம் கேட்பார். கோயில் வெளிவீதியில் கடலைக் கடைகளுக்குப் பக்கத்தில், மதீசனைக் கண்ட சிலர் சுற்றி நின்றார்கள். கனகலிங்கம் என்ற பெரியவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“தம்பி, அந்த மஸ்கட் பிள்ளையின்ர வீடியோ. பெரிய சேவை. ஏன் எடுத்துப்போட்டீர்? யாரும் மிரட்டினவையோ?”

மதீசன், “இல்லை அண்ணை, சில பிரச்சினையள்,” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைச் சாரங்கா பார்த்தாள்.

“அந்தப் பிள்ளையைக் காணேல்லை அண்ணை,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. “இவர் போட்ட வீடியோவில அவ எப்ப, எப்பிடி ஓடப்போறா எண்டு முழுக்க இருந்தது. வீட்டு வாசலுக்கு வழியும் இருந்தது. சனம் போய்க் கதவைத் தட்டி வீட்டுக்காரிக்கே போட்டுக் காட்டிச்சினம். அதுக்குப் பிறகு அவ உயிரோட இருக்கிறாவோ எண்டு தெரியாது. எடுக்க வேண்டாம் எண்டு அவ கெஞ்சினவ. அதை இவர் வெட்டிப்போட்டார்.”

கனகலிங்கம் மதீசனின் கையை விட்டார்.  தேர் வடம் தொட ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்க, ஒவ்வொருவராக அங்காலே போனார்கள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் மதீசன் கத்தினான். கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தில் அவன் அப்படிக் கத்தியதில்லை. “என்னை நாறடிச்சுப்போட்டீர். சபையில வைச்சு. நீரும் அங்கதானே நிண்டனீர்? நீர்தானே கதையைக் குடுத்தனீர்? நான் பாட்டுக்கு நடந்து போயிருப்பன். அந்த ஒழுங்கையில நிண்டு கேட்டது நீர்.”

“ஓம், நான் கேட்டனான். அவ என்னட்டச் சொன்னவ. உங்கட லட்சம் பேரிட்டச் சொல்லேல்லை.”

“நான் கெட்டவனோ? சொல்லும். நான் அவவுக்குக் கெடுதல் நினைச்சனானோ?”

“நீங்கள் அவவை நினைக்கவே இல்லை.”

 அவன் காரை நூற்றெழுபது கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினான். அவள் மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

ஓகஸ்ட் நடுப்பகுதியில், வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, தெரியாத ஓர் ஓமான் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“சாரங்கா அக்காவா? நான் பற்றிமா. தூதரகத்தில இருக்கிறன். தங்கச்சி நம்பர் தந்தவ.”

சாரங்கா அப்படியே தரையில் இருந்துவிட்டாள். அழுகை வந்தது. எதிர்ப்பக்கம் அழவில்லை.

“அழாதீங்க அக்கா. கேளுங்க. அந்தப் பொடியனும் பெட்டையும் வந்திட்டுப் போன அண்டு பின்னேரமே என்னைச் சூர் எண்ட ஊருக்குக் கொண்டு போனாங்க. வீட்டுக்காரியின்ர தம்பி வீடு. போற வழி முழுக்க அவ அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டா. தனக்கு விளங்காத பாசையில நான் என்ன சொன்னனான் எண்டு ஆரையோ கேட்டு அறிஞ்சும் போட்டா. கிழவி உறங்கிற நேரம் எண்டு சொன்னன்தானே, அதுக்குத்தான் கூட அடி. கிழவி என்னில நல்ல பட்சமா இருந்தவ. அவவும் பாத்துக்கொண்டிருந்தா.”

சூரில் அவளை மேல்மாடியில் ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். சமைக்கவும் கழுவவும் மட்டும் இறக்குவார்கள். ஒரு நாள் காலையில் தண்ணீர்க்காரனுக்காகத் திறந்த கதவு சாத்தப்படாமல் கிடந்தது. செருப்புக்கூடப் போடாமல் நடந்தாள். மீன்பிடிப் படகுகள் நிற்கிற இடம் வரை போய், அங்கே வலை தைத்துக்கொண்டிருந்த வங்காளிகளிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர்கள் ஒரு லொறியில் ஏற்றி மஸ்கட்டுக்கு அனுப்பினார்கள்.

“நான் சலாலாவை நம்பி நாளை எண்ணிக்கொண்டு இருந்தனான் அக்கா. எல்லாம் சரியாப் போட்டு வைச்சிருந்தன். நீங்க வந்து கெடுத்தீங்க. போனை உங்கட மனுசனிட்டக் குடுங்க.”

மதீசன் அறை வாசலில் நின்றான். பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். சாரங்கா கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். அவன் வந்து எதிரே இருந்தான். இருக்கும்போதே தன்னுடைய கைபேசியையும் எடுத்து, திரையை ஒருமுறை தொட்டுப் பக்கத்தில் வைத்தான். அதில் சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்தது.

“தங்கச்சி, நீங்கள் தப்பினது எங்களுக்கு எவ்வளவு சந்தோசம் எண்டா—”

“ரெக்கோட் பண்ணுறீங்களா?” என்று கேட்டாள் பற்றிமா.

அவன் தயங்கினான். “இல்லை.”

“பண்ணுறார்,” என்றாள் சாரங்கா.

 மதீசன் தன்னுடைய கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். “சாட்சிக்கு இருக்கட்டும் எண்டுதான்,” என்று முணுமுணுத்தான். “உங்களுக்கும் நல்லதுதானே.”

“அண்ணை,” என்றாள் பற்றிமா. குரல் தாழ்ந்திருந்தது. “என்ர முகத்தை இந்த வீட்டுக்காரிக்கும் தெரியும், பேசாலைச் சந்தியில நிக்கிறவனுக்கும் தெரியும். என்னை இனிக் கட்டப்போறவனும் தேடிப் பாப்பான். நான் அழுத அழுகை என்ர அம்மாகூடக் கண்டதில்லை. அதை நீங்க பாட்டுப் போட்டு வித்தீங்க. நான் உங்களிட்ட உதவி கேக்கேல்லை. அக்காவிட்ட ஒரு செய்தி சொல்லச் சொன்னன், அவ்வளவுதான். எனக்கு உங்கட மன்னிப்பு வேண்டாம். அது இனி ஒரு இடத்திலயும் இருக்கக் கூடாது. அதைச் செய்யுங்க.”

“அது மற்ற ஆக்கள் இறக்கி வைச்சிருக்கிறதுக்கு நான் என்ன செய்யிறது,” என்றான் மதீசன்.

பற்றிமா அழைப்பைத் துண்டித்தாள்.

சாரங்கா அன்றிரவே ஒரு பெட்டியில் உடுப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு டொறத்தி வீட்டுக்குப் போனாள். டொறத்தி கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல், மகனின் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். வீடியோவைப் புகழ்ந்ததை எண்ணி அவருக்கும் மனம் குறுகுறுத்தது.

மறுகிழமை சாரங்கா ஒரு வழக்கறிஞரிடம் சந்திப்பு நேரம் எடுத்துப் போனாள். நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய ஜெர்மன் பெண். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். வீடியோ ஜெர்மனியிலிருந்து போடப்பட்டது, போட்டவர் ஜெர்மனியில் வாழ்கிறார், அதில் இருக்கிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் தன் முகத்துக்கும் தன் குரலுக்கும் உரிமை கேட்கலாம் என்றாள். பற்றிமா சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் போதும். ஒளிந்திருக்கும் பிரதிகளை எடுப்பிக்கிற பொறுப்பையும் போட்டவரின் தலையில் கட்டலாம்.

சாரங்கா தூதரகத்துக்கு எடுத்துப் பற்றிமாவிடம் கேட்டாள். “செய்யுங்க,” என்றாள் பற்றிமா.

“ஒரு விசயம்,” என்றாள் வழக்கறிஞர், அடுத்த முறை. “அவர் மறுத்தால் வழக்கு நடக்கும். அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள். ஆனால் நீங்கள் அவருடைய மனைவி. சாட்சி சொல்ல மாட்டேன் என்று மறுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்த முடியாது.”

“நான் சொல்லுவேன்,” என்றாள் சாரங்கா.

“யோசித்து—”

“யோசிச்சிட்டேன்.”

இதை வழக்கறிஞரின் கடிதம் மூலமாக மதீசன் அறியக்கூடாது என்று நினைத்து, அவளே நேரில் போய்ச் சொன்னாள். அவன் சவரம் செய்யாமல் இருந்தான். வீடு முழுக்கப் பொரித்த எண்ணெய் மணந்தது.

“என்ர மனுசியே எனக்கு எதிரா நிண்டு சாட்சி சொல்லப்போறாவோ?”

“ஓம்.”

“யாரோ ஒருத்திக்காக. அஞ்சு நிமிசம் கண்ட ஒருத்திக்காக.”

“நீங்கள் திருப்பியும் ரெக்கோட் போட்டீங்கள், மதீசன். அவ தப்பி வந்து கதைக்கேக்கையும். அதை நான் பாக்காம இருந்திருந்தா, சில வேளை இந்த வீட்டில இருந்திருப்பன்.”

 “அது கை தன்பாட்டில போனது,” என்றான். முதல் தடவையாக அவன் உண்மை சொல்கிறான் என்று அவளுக்குப் பட்டது. அது அவளுடைய கோபத்தைக் குறைக்கவில்லை. இன்னும் கூட்டியது.

வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. வழக்கறிஞர் அனுப்பிய உறுதிமொழியில் மதீசன் கையெழுத்து வைத்தான். தன்னிடம் இருந்த பதிவுகளை அழித்தான். டுபாய்த் தம்பதியோடு கதைத்து அவர்களுடையதையும் எடுப்பித்தான். மற்றவர்கள் இறக்கிப் போட்டவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, எடுக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தான். அழிக்க அழிக்க இன்னொரு பெயரில் முளைத்தது. சானலை அவன் மூடவில்லை. ஒக்ரோபரில் லிஸ்பனுக்குத் தனியாகப் போய் நடந்துவிட்டு வந்து போட்டான். சாரங்கா ஓபர்பார்மனில் ஓர் அறையும் குசினியும் உள்ள வீடு எடுத்துப் போனாள்.

அதே மாதக் கடைசியில் பற்றிமா ஊர் போய்ச் சேர்ந்தாள் என்று டொறத்தி சொன்னார். சாரங்கா சில நாட்கள் பொறுத்திருந்துவிட்டு, ஒரு மதிய இடைவேளையில், வேலைத்தலத்தின் பின்புறப் படியில் இருந்துகொண்டு பேசாலைக்கு எடுத்தாள். தங்கச்சி உள்ளே கூப்பிட்டாள். உள்ளே கதைக்கிற சத்தம் கேட்டது. பற்றிமா வந்து எடுத்தாள்.

“சுகமாப் போய்ச் சேந்தீங்களோ?”

“ஓம் அக்கா.”

“அம்மா எப்பிடி?”

“இருக்கிறா.”

சாரங்கா வழக்கறிஞர் சொன்னதையும், எத்தனை பிரதிகள் எடுபட்டன என்பதையும் சொல்லத் தொடங்கினாள். பற்றிமா இடைமறித்தாள்.

“நீங்க செய்தது எல்லாம் தெரியும் அக்கா. தூதரகத்தில சொன்னவங்க. வீட்டை விட்டு வந்திட்டீங்க எண்டும் டொறத்தி அன்ரி சொன்னவ. அதை நான் கேக்கேல்லை உங்களிட்ட. இனி எடுக்காதீங்க. உங்கட குரலைக் கேட்டா எனக்கு அந்த ஒழுங்கைதான் வருது. உங்களில கோவம் இல்லை எண்டு சொல்ல என்னால ஏலாது.”

“சரி,” என்றாள் சாரங்கா.

அழைப்பு முடிந்தது. உள்ளேயிருந்து வைத்தியர் அவளைக் கூப்பிட்டார். அவள் எழும்பி, கையைக் கழுவி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, அடுத்த நோயாளியின் கதிரையை மெல்லச் சாய்த்தாள்.